காலி உறைகள்: சிறு ரிவால்வர்களுக்கான பழைய தோல் உறைகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஆட்லி என்ற பெயர் பொறித்த பழைய துப்பாக்கி உறை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், தோலில் '1914 அக்டோபர் 13' என்ற தேதி அழுத்தமாகக் குத்தப்பட்டிருக்கும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதல் தவறைச் செய்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பொருள் கைக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்து, விற்பவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தேதி நியூயார்க்கைச் சேர்ந்த பிரான்சிஸ் ஆட்லி தம் உறைக்குக் காப்புரிமை பெற்ற நாளே தவிர, கையில் இருக்கும் உறை தைக்கப்பட்ட நாள் அன்று. காப்புரிமை கிடைத்து நெடுங்காலம் ஆன பிறகும் அதே முத்திரையுடன் உறைகள் தயாராகிக்கொண்டிருந்தன. என்னிடம் உள்ள ஆட்லி உறையின் தோல், கோல்ட் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வரின் வடிவத்துக்கு வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த ரிவால்வரே 1927இல்தான் சந்தைக்கு வந்தது. எனவே முத்திரை என்ன சொன்னாலும், உறை 1927க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

இந்த மதிப்பீடு முழுவதும் இந்த ஓர் அனுபவத்தையே அடிப்படையாகக் கொண்டது. பழைய உறையின் வயதையும் தரத்தையும் சொல்வதில் முத்திரையைவிட வார்ப்பு, அதாவது ஈரத்தோலில் அழுத்திப் பதிய வைத்த துப்பாக்கியின் வடிவம், நம்பகமான சாட்சி என்பது, பல ஆண்டுகளாக வாங்கியும் விற்றும் ஏமாந்தும் நான் வந்து சேர்ந்த முடிவு. நான் துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன். உறைகளுக்குள் நுழைத்துப் பார்ப்பதற்கென்று ரிவால்வர்களின் அளவிலேயே செய்த மர மாதிரிகளையும் நெகிழி மாதிரிகளையும் வைத்திருக்கிறேன். அளவு பார்க்க அவையே போதும். இரண்டு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வர்களுக்காக அமெரிக்காவில் தயாரான உறைகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நீண்ட குழல் துப்பாக்கிகளின் இடுப்பு உறைகள் தனி உலகம்; அவற்றைச் சேகரிப்பவர்கள் ஏராளம், எழுதியவர்களும் ஏராளம். சிறிய உறைகள் மறைத்து அணிவதற்காகவே செய்யப்பட்டவை என்பதாலோ என்னவோ, சேகரிப்பாளர்கள் கண்ணிலும் பெரும்பாலும் மறைந்தே இருந்துவிட்டன.

வார்ப்பைப் படிக்க வேண்டுமென்றால், எந்த ரிவால்வர் எந்த அளவு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். டிடெக்டிவ் ஸ்பெஷல் ஆறு தோட்டாக்கள் கொள்ளும். அதன் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் அடங்கும் சுழல் உருளை, ஏறத்தாழ 1.4 அங்குல விட்டம் உடையது. ஸ்மித் அண்ட் வெஸன் 1950இல் வெளியிட்ட சீஃப்ஸ் ஸ்பெஷல் ஐந்து தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும். அதன் சிலிண்டர் ஏறத்தாழ 1.3 அங்குலம். இடையே உள்ள வேறுபாடு ஒரு அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நனைத்து வார்த்த தோலுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிய தூரம். டிடெக்டிவ் ஸ்பெஷலுக்கு வார்த்த உறையில் சீஃப்ஸ் ஸ்பெஷலை வைத்தால் அது குலுங்கும். மாற்றி வைத்தால் தோல் இழுபட்டு, தையல் ஓரத்தில் வெளிறிய கோடு விழும். விற்பவர்கள் பலர் 'இரண்டுக்கும் பொருந்தும்' என்று தயங்காமல் எழுதுகிறார்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்ற பழமொழியை அவர்களுக்கு நினைவூட்டத் தோன்றும். உண்மையில், ஒரு காலத்தில் யாரோ இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றால், சிலிண்டர் இருக்கும் இடத்தில் இரண்டு புடைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

இன்னொரு அடையாளம், தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பி. டிடெக்டிவ் ஸ்பெஷலில் நெடுங்காலம் இந்தக் கம்பி குழலுக்குக் கீழே மூடியின்றி வெளியே தெரியும்படி இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த வடிவத்தில்தான் அதைச் சுற்றி உலோக மறைப்பு சேர்க்கப்பட்டது. ஆகவே குழலுக்கான பகுதி கீழே ஒடுங்கி, மெல்லிய கம்பியின் தடத்துடன் இருந்தால் உறை பெரும்பாலும் முந்தைய துப்பாக்கிக்கானது. அந்த இடம் தடித்து உருண்டிருந்தால் பிந்தைய துப்பாக்கியைத் தாங்கியது. ஒரு முத்திரைகூட இல்லாத உறைக்கும் இப்படி வயது சொல்ல முடிகிறது.

இனி ஒவ்வொன்றாக. முதலில் ஆட்லி. இதன் சிறப்பு, தோலுக்குள் பொருத்தப்பட்ட எஃகுப் பிடிப்பான். ரிவால்வரை உள்ளே இறக்கியதும், விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பு வளையத்தை அது கவ்விக்கொள்கிறது. விரலால் அழுத்தினால் ஒழிய விடுவதில்லை. மேலே வார்ப்பட்டை, பொத்தான் எதுவும் தேவையில்லை. துப்பாக்கியைப் பிறர் பறித்துவிடுவார்களோ என்ற காவலரின் கவலைக்கு 1914லேயே தரப்பட்ட இந்தப் பதிலைப் பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குறையும் அங்கேயே இருக்கிறது: விடுவிக்கும் விரல் விசைக்கு அருகில் போய் நிற்கிறது, பிடிப்பானின் வில்தகடு காலப்போக்கில் துருப்பிடித்துத் தோலையும் கறையாக்குகிறது. என்னுடையதில் பிடிப்பான் இன்றும் 'டக்' என்ற ஒலியுடன் வேலை செய்கிறது; அதைச் சுற்றிய தோல் மட்டும் கறுத்துவிட்டது. பிடிப்பான் அசையாத ஆட்லியை வாங்க வேண்டாம். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்துத் தைத்த ஆட்லி பாதி ஆட்லிதான்.

டென்வரின் ஹெர்மன் ஹைசர் உறைகள் இதற்கு நேர் எதிர். இயந்திர நுட்பம் எதுவும் கிடையாது. சேணம் தைப்பவரின் கைத்திறன் மட்டுமே. ஓரத்தில் இரண்டு தோல்களுக்கு நடுவே மூன்றாவது தோல்பட்டை ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். துப்பாக்கியின் கனம் தையல் நூலின்மேல் நேரே விழாமல் இந்த நடுப்பட்டை தாங்கிக்கொள்ளும். மலிவான உறைகளில் முதலில் விட்டுப்போவது இதுதான். ஹைசர் உறையின் ஓரத்தை விரலால் தடவினால் எத்தனை அடுக்கு என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மெருகேற்றியிருப்பார்கள். தையல் துளைகள் நெருக்கமாகவும் ஒரே இடைவெளியிலும் ஓடும். பின்புறத்தில் உறையின் மாதிரி எண் குத்தப்பட்டிருக்கும். பூவேலைப்பாடு செதுக்கிய ஹைசர்களுக்குச் சந்தையில் ஏலப் போட்டி அதிகம். எனக்கு வேலைப்பாடற்ற வெறும் ஹைசர்தான் பிடிக்கும். செதுக்கல், தோலின் குறையை மறைக்க உதவும். வெற்றுத் தோலில் எதையும் மறைக்க முடியாது. பெயர் கைமாறிய பிறகு வந்த பிந்தைய கால உறைகளும் ஹைசர் என்ற பெயரோடுதான் புழங்குகின்றன. அவை மோசமில்லை, ஆனால் முந்தையவற்றின் விலைக்கு அவற்றை வாங்குவதில் பொருளில்லை.

இத்தொகுப்பில் எனக்கு மிக விருப்பமானது பெர்ன்ஸ் மார்ட்டின் நிறுவனத்தின் தோள் உறை. வழக்கமான உறையில் துப்பாக்கி குழல் கீழாக இறங்கி, மேல்நோக்கி உருவப்படும். பெர்ன்ஸ் மார்ட்டின் இந்த விதியையே கைவிட்டது. அதன் இடுப்பு உறையின் முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். தோலுக்குள் தைக்கப்பட்ட எஃகு வில் சிலிண்டரை அணைத்துப் பிடித்திருக்கும். துப்பாக்கியை மேலே இழுக்காமல் முன்னே தள்ளினால் வில் விரிந்து விட்டுவிடும். இதே எண்ணத்தைத் தோளுக்குக் கொண்டுபோனபோது பிறந்ததுதான் 'லைட்னின்' என்ற பெயருடைய தலைகீழ் உறை. இரண்டு அங்குல ரிவால்வர் அக்குளுக்குக் கீழே, குழல் மேல்நோக்கி, கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கும். நீளமான துப்பாக்கிக்கு இந்த ஏற்பாடு சரிவராது. குட்டையாக இருப்பதே இங்கே தகுதி. சிறு ரிவால்வரின் உடல்வாகைப் புரிந்துகொண்டு, பெரிய உறையைச் சுருக்காமல் புதிதாகச் சிந்தித்த ஒரே வடிவம் இது என்று துணிந்து சொல்வேன்.

இந்த நிறுவனத்தின் உறைகளில் மிசிசிப்பியின் கால்ஹவுன் சிட்டி என்ற ஊர்ப்பெயரும், ஜார்ஜியாவின் எல்பர்ட்டன் என்ற ஊர்ப்பெயரும் காணப்படுகின்றன. கால்ஹவுன் சிட்டி முத்திரை முந்தியது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஊர்ப்பெயரைவிட வில்லின் உயிர். தலைகீழாகத் தொங்கும் பொருளைத் தாங்குவது அந்த வில் மட்டுமே. மாதிரியை வைத்துத் தலைகீழாகப் பிடித்து இலேசாகக் குலுக்கினால் விழக்கூடாது. என் கைக்கு வந்த இரண்டில் ஒன்று முதல் குலுக்கலிலேயே மாதிரியை என் காலில் போட்டது. மரம் என்பதால் பிழைத்தேன்.

பியான்கி நிறுவனத்தின் '9ஆர்' என்ற தலைகீழ்த் தோள் உறையை இதன் வாரிசு என்று கொள்ளலாம். காவலராக இருந்த ஜான் பியான்கி தொடங்கிய இந்த நிறுவனத்தின் முத்திரையில் கலிபோர்னியாவின் மன்ரோவியா என்ற பெயர் இருந்தால் முந்தைய காலம், டெமெக்யூலா என்றிருந்தால் பிந்தைய காலம். வேலைப்பாட்டில் 9ஆர் சீரானது. வார்ப்பட்டைகளின் பொருத்தம் பெர்ன்ஸ் மார்ட்டினைவிட நன்றாகவே இருக்கிறது, தோளில் அழுத்தாமல் பரவி நிற்கிறது. தொழிற்சாலைப் பொருளுக்குரிய ஒரே மாதிரித்தன்மையும் அதில் இருக்கிறது. ஏராளமாகத் தயாரானதால் எளிதாகக் கிடைக்கும். புதியவர்களுக்கு முதல் தோள் உறையாக நான் சொல்வது இதைத்தான்.

நியூயார்க்கின் சிக் கேலார்ட் செய்த உறைகளைப் படத்தில் பார்த்து வாங்க முடியாது; படத்தில் அவை ஒன்றுமில்லாதவைபோல் தெரியும். மெல்லிய மாட்டுத்தோல், அலங்காரமே இல்லாத பரப்பு, துப்பாக்கியை மறைக்க எவ்வளவு தோல் வேண்டுமோ அவ்வளவு மட்டுமே. ஆனால் கையில் எடுத்தால், ஈரத்தோலை எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்த்துத் துப்பாக்கியின் ஒவ்வொரு மடிப்பையும் தோலில் பதிய வைத்த உழைப்பு தெரியும். சிலிண்டரின் விளிம்பு, விசைக்காப்பு வளையத்தின் வளைவு, குழலின் தோள் எல்லாம் இருட்டில் தடவியே சொல்லிவிடலாம். அதே நகரில் பாரிஸ் தியோடர் 1966இல் தொடங்கிய செவன்ட்ரீஸ் உறைகளும் இதே சிக்கனப் பள்ளியைச் சேர்ந்தவை. ஆடைக்குள் மறைந்து பணிபுரிந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டும் இப்போது அரிதாகிவிட்டன, விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. கேலார்டுக்கு அந்த விலை தகும். செவன்ட்ரீஸ் விலையில் ஒரு பகுதி அதைச் சுற்றிப் பின்னப்பட்ட உளவுக்கதைகளுக்கானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆர்கன்சாவின் மக்னோலியாவில் ராய் பேக்கர் செய்த 'பேன்கேக்' உறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டையான தோல்களை எதிரெதிரே வைத்து, துப்பாக்கியைச் சுற்றித் தைத்து, இடுப்புவாருக்கு மூன்று துளைகள் வெட்டியிருப்பார்கள்; எந்த இரண்டு துளைகளில் வாரைக் கோர்க்கிறோமோ அதற்கேற்பச் சாய்வு மாறும். எளிமையான, அறிவான வடிவம். இன்று தயாராகும் உறைகளில் எத்தனையோ இதன் வழித்தோன்றல்கள் என்பதால், பழையதைத் தேடிப் பிடிப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் எழவில்லை.

பெயர்பெற்ற பட்டறைகளுக்கு அப்பால், கடைகளுக்கு மொத்தமாகச் செய்து அனுப்பப்பட்ட உறைகள் குவியலாகக் கிடைக்கின்றன. இவற்றில் வார்ப்பு குறைவு. ஒரே உறை பல துப்பாக்கிகளுக்கு என்ற கணக்கில் தைக்கப்பட்டவை. ஆனால் முகவரியுடன் கூடிய முத்திரை இருந்தால், வயது பார்க்கக் கற்றுக்கொள்ள இவை நல்ல பாடப்புத்தகம். அமெரிக்கப் பெருநகரங்களில் அஞ்சல் வட்ட எண்கள் 1943இல் அறிமுகமாயின. நகரப் பெயருக்கும் மாநிலப் பெயருக்கும் நடுவே ஓரிலக்க அல்லது ஈரிலக்க எண் இருந்தால் முத்திரை அதற்குப் பிந்தியது. ஐந்திலக்க ஜிப் எண் 1963 ஜூலையில் வந்தது. அது இருந்தால் 'போர்க்கால உறை' என்ற விளம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். ஆரிகனின் போர்ட்லாந்தில் இயங்கிய ஜார்ஜ் லாரன்ஸ் நிறுவனம் இந்த வரிசையில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை அளவில் செய்தாலும் தோலில் அது சமரசம் செய்துகொள்ளவில்லை. மாதிரி எண்ணையும் குத்திவைத்த அதன் ஒழுங்கு, சேகரிப்பாளனுக்கு இன்று பெரும் உதவி.

ஒருமுறை, மிகச் சிறந்த நிலையில் இருப்பதாக விவரிக்கப்பட்ட ஓர் உறையைப் படங்களை மட்டும் நம்பி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் விரல்களில் செங்கல் நிறத் தூள் ஒட்டியது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தகப் புகையை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும்போது அதற்குள் அமிலம் உருவாகி, நார்களின் பிணைப்பு அறுந்து, தோல் தூளாக உதிரத் தொடங்குகிறது. இதற்கு மருந்து இல்லை. ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்சிப்ரொப்பைல் செல்லுலோஸ் என்ற பிணைப்புப் பொருளைத் தடவி உதிர்வதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதால் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். போன வலிமை திரும்பாது. விற்றவரிடம் கேட்டபோது, பழைய தோல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அப்படி இல்லை, என் ஆட்லி அதைவிட மூத்தது, ஒரு தூளும் உதிர்வதில்லை. அன்றிலிருந்து, உட்புறத்தின் படம், வாய்ப்பகுதியின் படம், வெள்ளைத் துணியால் துடைத்து அந்தத் துணியின் படம் ஆகிய மூன்றும் கிடைக்காமல் எதையும் வாங்குவதில்லை. துணிப் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் மேலே பேச வேண்டிய தேவையே இல்லை.

போலிகளும் உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. புதிய தோலைச் செயற்கையாக முதிர வைத்துப் பழைய முத்திரை குத்துவதைவிட, முத்திரையில்லாத உண்மையான பழைய உறையில் பெயர்பெற்ற முத்திரையைப் பின்னால் சேர்ப்பதே அதிகம். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் தேய்மானமும் அழுக்கும் படிந்திருக்கும். புதிய குத்தலின் அடியில் தோல் வெளிறியும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். நூலையும் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் புறஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அதில் சேர்த்த ஒளிர்வூட்டி 1920களின் பொருள் அன்று; உறை பழையதாகவே இருந்தாலும் தையல் புதியது.

பராமரிப்பில் நான் முதலில் செய்த பெருந்தவறு எண்ணெய். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தால் தோல் ஒரே நாளில் கறுத்துப் பளபளக்கும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சி நீடிக்காது. எண்ணெய் குடித்த தோல் தளர்ந்து வார்ப்பை இழக்கிறது, தையலில் தூசு அப்புகிறது, பித்தளைப் பொத்தான்களின் செம்பு கொழுப்போடு வினைபுரிந்து பச்சைக் களிம்பாகப் பூக்கிறது. வார்ப்பே மதிப்பு என்னும்போது, வார்ப்பைக் கரைக்கும் எதையும் தோலில் தேய்ப்பது அறிவுடைமை ஆகாது. மென்மையான தூரிகையால் தூசு தட்டுவது, களிம்பை மரக்குச்சியால் சுரண்டி எடுப்பது, உள்ளே அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்து வடிவம் காப்பது, அதிக ஈரமோ அதிக வறட்சியோ இல்லாத இருட்டில் வைப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றாக இருக்கும் தோலுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று போதும்.

துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் இவற்றை அணியலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் பதில். தளர்ந்த தோலின் வாய்ப்பகுதி உட்புறம் மடிந்து விசைக்காப்பு வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்தக்கூடும். ஐம்பது ஆண்டுப் பழைய தையலும் வில்லும் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. நெடுநாள் உறைக்குள்ளேயே துப்பாக்கியை வைத்திருப்பதும் நல்லதன்று; தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட வேதிப்பொருள்களின் எச்சமும் அதில் உண்டு, இரண்டும் சேர்ந்து உலோகத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பழைய துப்பாக்கியையும் அதன் உறையையும் சேர்த்து வாங்குபவர்கள் இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இரண்டுக்கும் பாதுகாப்பு.

தொடங்க நினைப்பவர் முதலில் டெமெக்யூலா முத்திரையிட்ட பியான்கி ஒன்றையும், லாரன்ஸ் ஒன்றையும் வாங்கி, அவற்றை ஓர் ஆண்டு தடவிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு வெறும் ஹைசர். ஆட்லியும் கேலார்டும் கை பழகிய பின்னரே. என் அலமாரியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போகட்டும் என்று யாராவது சொன்னால், நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த இரண்டு பெர்ன்ஸ் மார்ட்டின்களில் வில் இன்னும் பிடிக்கும் ஒன்றை. மரத் துப்பாக்கியைக் காலில் போட்டதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் கொடுத்துவிடத் தயார்.